அண்டை வீட்டு அலைகள்

நகரத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளில், இரவு எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் இடையே, ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் ஒரே புகார் எழுகிறது. பகல் முழுதும் ஒழுங்காக ஓடிய வைஃபை அந்த நேரத்தில் திணறுகிறது. படம் பாதியில் நின்று சுழல்கிறது. வெளியூரிலிருக்கும் மகனோடு பேசிக்கொண்டிருக்கும் தாயின் திரையில் அவன் முகம் வாய் திறந்தபடியே நின்றுபோகிறது. வீட்டுக்காரர் முதலில் இணைப்புக் கொடுத்த கம்பெனியின் மீது கோபம் கொள்கிறார். பிறகு மாதக் கட்டணம் கூடுதலான வேறொரு திட்டத்துக்கு மாறுகிறார். அதுவும் பலிக்காதபோது, கடைக்காரரின் சிபாரிசை நம்பி, ஆறு ஆன்டெனாக்கள் நீட்டிக்கொண்டிருக்கும் விலையுயர்ந்த ரவுட்டர் ஒன்றை வாங்கிவந்து அலமாரி உச்சியில் பிரதிஷ்டை செய்கிறார். இத்தனை பிரயத்தனங்களுக்கு நடுவிலும், பழைய பெட்டி எந்த அலைவரிசையில், எவ்வளவு அகலத்தில், எவ்வளவு சக்தியோடு இயங்கியது, அதன் ஆன்டெனா எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்ற சாதாரணக் கேள்விகளை ஒருவரும் கேட்டிருக்க மாட்டார். அந்தப் புகார்களில் பெரும்பகுதிக்குக் காரணம் கம்பெனியும் அல்ல, பெட்டியும் அல்ல. சுற்றுமுற்றும் இருக்கும் இருபது முப்பது வீடுகளின் பெட்டிகள், ஒன்றுக்கொன்று இடம் விடாமல், ஒரே காற்றில் ஏககாலத்தில் இயங்க முயல்வதுதான்.

நாம் ரவுட்டர் என்றும் ஆக்சஸ் பாயின்ட் என்றும் அழைக்கும் சாதனம் உண்மையில் ஒரு சிறிய வானொலி நிலையம். அனுப்புவதோடு வாங்கவும் செய்யும் என்பதே அதன் விசேஷம். திருச்சி வானொலிக்கும் கோவை வானொலிக்கும் தனித்தனி அதிர்வெண்ணை ஒதுக்கி, ஒன்றன் எல்லையில் மற்றொன்று புகாதபடி அரசாங்கம் காவல் செய்கிறது. நம் வீட்டு நிலையத்துக்கு அத்தகைய ஒதுக்கீடு எதுவும் கிடையாது. அது இயங்கும் 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பிரதேசம், 1947-இல் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய சர்வதேசத் தொலைத்தொடர்பு மாநாட்டின் காலத்திலிருந்து, தொழில், விஞ்ஞானம், மருத்துவம் ஆகியவற்றின் யந்திரங்களுக்கென விடப்பட்ட பகுதிகளைச் சேர்ந்தது. அதாவது, செய்தி அனுப்புவோர் இரைச்சலுக்கு அஞ்சி ஒதுங்கிப்போன இடம். சமையலறை மைக்ரோவேவ் அடுப்பு இயங்கும் 2450 மெகாஹெர்ட்ஸ் அதற்கு ஏறக்குறைய நடுவிலேயே இருக்கிறது. யாரும் விரும்பாத அந்த இடத்தில், குறைந்த சக்தியோடும் அலையை அகலமாகப் பரப்பியும் அனுப்புவதானால் உரிமம் இல்லாமலே செய்தியும் அனுப்பலாம் என்று 1985-இல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் அனுமதித்தது. அந்த அனுமதியின் மீது எழுந்ததுதான் 1997-இல் வெளியான வைஃபையின் முதல் தரநிர்ணயம். இந்தியாவில் 2005 ஜனவரியில் அரசாங்கம் அதே பிரதேசத்தை உரிமத்திலிருந்து விடுவித்தது. கருவியின் சக்தி ஒரு வாட்டுக்கும், ஆன்டெனாவின் பலனையும் சேர்த்துக் கணக்கிட்டால் நான்கு வாட்டுக்கும் மேற்படக் கூடாது என்பது நிபந்தனை. உரிமம் வேண்டியதில்லை, கட்டணம் வேண்டியதில்லை என்ற சௌகரியத்துக்கு ஈடாக நாம் இழந்தது பாதுகாப்பை. பக்கத்து வீட்டுப் பெட்டி நம் அலையைக் கெடுத்தால், அதைப் பற்றி முறையிட ஓர் அலுவலகமும் இல்லை.

எண்பத்து மூன்றரை மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள இந்தப் பொதுவிடத்தில், நம் நாட்டில் 13 அலைவரிசைகள் எண்ணிடப்பட்டிருக்கின்றன. முதலாவதன் நடுப்புள்ளி 2412 மெகாஹெர்ட்ஸ், இரண்டாவது 2417, இப்படியே ஐந்து ஐந்தாக ஏறிப் பதின்மூன்றாவது 2472-இல் நிற்கிறது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் இந்தப் பட்டியலைக் காண்கிறவர், பதின்மூன்று தனித்தனி வழிகள் இருக்கின்றன, ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் எண்ணுவார். அந்த எண்ணத்துக்கு இடம் கொடுக்கும்படி பட்டியல் அமைந்திருப்பதே பெரிய துரதிர்ஷ்டம். ஏனென்றால், ஐந்து மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் வரிசைப்படுத்தப்பட்ட ஒவ்வொரு அலைவரிசையும் இருபது மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்குப் பரவுகிறது. மூன்றாவதில் இயங்கும் பெட்டி 2412-இலிருந்து 2432 வரை பிடித்துக்கொண்டு, ஒரு பக்கம் ஒன்றாவதன் மேலும் மறு பக்கம் ஆறாவதன் மேலும் படிகிறது. ஒன்றையொன்று தீண்டாதவை என்று தேர்ந்தெடுத்தால் மிஞ்சுபவை 1, 6, 11 என்ற மூன்றே. பதின்மூன்றும் அனுமதிக்கப்பட்ட நாட்டில் 1, 5, 9, 13 என்று நான்காகப் பங்கிடலாமே என்று வாதிப்போர் உண்டு, கணக்கில் குற்றமில்லை. ஆயினும் அமெரிக்கச் சந்தைக்கென்று செய்யப்பட்ட சில கருவிகளின் கண்ணுக்கு 12-ம் 13-ம் தென்படுவதில்லை என்பதாலும், ஊரே 1, 6, 11 என்று ஒழுங்குபட்டிருக்கையில் நாம் மட்டும் 5-இலோ 9-இலோ அமர்ந்தால் இரு பக்கத்தாருக்கும் இடைஞ்சலாக முடியும் என்பதாலும், மூன்றோடு நின்றுகொள்வதே விவேகம் என்பது என் அபிப்பிராயம்.

இங்கே சாமானிய அறிவுக்கு முரணாகத் தோன்றும் ஒரு விஷயத்தைச் சற்று நிதானித்துச் சொல்லியாக வேண்டும். சுற்றுப்புறத்து வைஃபைகளைப் படம் போட்டுக் காட்டும் செயலியைக் கைப்பேசியில் இறக்கிப் பார்க்கும் ஒருவர், ஒன்றிலும் ஆறிலும் பதினொன்றிலும் நெருக்கடி மிகுந்து, மூன்றும் எட்டும் காலியாகக் கிடப்பதைக் கண்டால், நல்லதாயிற்று என்று மூன்றுக்குப் போய்விடுவார். அவர் அந்த நெருக்கடியிலேயே ஆறாவதில் இருந்திருந்தால் அதிகச் சுகமாக இருந்திருப்பார் என்பதை நம்புவது கடினம். இதன் சூட்சுமம், வைஃபை கருவிகள் தங்களுக்குள் கடைப்பிடிக்கும் நியதியில் இருக்கிறது. அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு கருவியும் காற்றைக் கேட்கிறது. வேறொன்று அனுப்பிக்கொண்டிருந்தால் அது முடியும்வரை பொறுத்து, அதன்பின் தற்செயலாக நிர்ணயித்துக்கொண்ட ஒரு சிறு இடைவேளையையும் கழித்துவிட்டே தன் முறையை எடுத்துக்கொள்கிறது. 1971-இல் ஹவாய்த் தீவுகளில் நார்மன் ஆபிரம்சன் என்ற பேராசிரியர் நடத்திய அலோஹா வலையமைப்பில் நிலையங்கள் கேட்காமலே அனுப்பி, மோதிக்கொண்டால் மறுபடி அனுப்பின. கேட்டுவிட்டு அனுப்பும் பழக்கம் அந்த அனுபவத்துக்குப் பின் வந்த திருத்தம். ஒரே அலைவரிசையில் இருக்கும் பெட்டிகள், ஒன்றன் செய்தியின் தலைப்பகுதியை மற்றொன்று படித்து, இன்னும் இவ்வளவு நேரம் காற்று கிடைக்காது என்பதைத் துல்லியமாக அறிந்து ஒதுங்கி நிற்கின்றன. அலை மிக மெலிந்து வந்தாலும் இந்த அடையாளம் தவறுவதில்லை. பாதி மட்டும் மேலே படியும் அலைவரிசையிலிருந்து வருவதையோ கருவியால் படிக்க முடியாது. அது வெறும் இரைச்சலாகவே தோன்றுவதால், படிக்கக்கூடிய அலையைவிட நூறு மடங்கு, அதாவது 20 டெசிபல், பலமாக இருந்தாலொழிய அதற்காகக் காத்திருக்க வேண்டும் என்ற விதியும் இல்லை. ஆகவே மூன்றாவதில் இருப்பவர், ஒன்றாவதில் இருப்பவருக்கும் ஆறாவதில் இருப்பவருக்கும் நடுவில், அவர்கள் அனுப்புவது தெரியாமலே அனுப்புகிறார். அவர் செய்தியும் கெடுகிறது, அவர்கள் செய்தியும் கெடுகிறது. மூவரும் மறுபடி மறுபடி அனுப்பிக் காற்றை மேலும் நிரப்புகிறார்கள். முறைவைத்துப் பகிர்ந்துகொள்வதால் நேரும் தாமதம் இந்தச் சேதத்தைவிட எவ்வளவோ மேல்.

அலைவரிசையின் அகலத்தை 40 மெகாஹெர்ட்ஸாகப் பெருக்கிக்கொள்ளும் வசதியும் ரவுட்டரின் அதே அமைப்புப் பக்கத்தில் இருக்கிறது. வேகம் இரட்டிப்பாகும் என்ற ஆசையில் இதைத் தொடுகிறவர், மூன்று பேருக்குரிய இடத்தில் தனியாக இரண்டு பங்கை எடுத்துக்கொள்கிறார் என்பதல்லாமல், நெருக்கமான தெருவில் அதனால் தாமும் பயனடைவதில்லை. தனித்த பண்ணை வீட்டில் இருப்பவர் வேண்டுமானால் செய்து பார்க்கலாம்.

இடப் பஞ்சத்துக்கு உண்மையான பரிகாரம் ஐந்து கிகாஹெர்ட்ஸ். 2005-இல் கட்டடங்களுக்குள் மட்டும் என்று சுருக்கமாகத் திறக்கப்பட்ட அந்தப் பிரதேசத்தை, 2018 அக்டோபரில் நம் அரசாங்கம் 5150 முதல் 5350 வரையும், 5470 முதல் 5875 வரையும், மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு, வெளியிடங்களுக்கும் சேர்த்து விடுவித்தது. பழைய இடத்தின் ஏழு மடங்குக்கும் மேற்பட்ட விஸ்தாரம் இது. இங்கே எண்கள் 36, 40, 44 என்று நான்கு நான்காக ஏறுவதால், இருபது மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் ஒன்றன்மேல் ஒன்று படியும் குழப்பமும் இல்லை. அதிர்வெண் இரட்டிப்பாவதால் அலை சுவர்களைக் கடக்கையில் அதிகம் மெலிகிறது என்பதைக் குறையாகச் சொல்வார்கள். அடுக்குமாடியில் அதுவே வரப்பிரசாதம், ஏனென்றால் அண்டை வீட்டு அலையும் அதே சுவரில் மெலிகிறது. ஒரே எச்சரிக்கை: 52 முதல் 144 வரையுள்ள அலைவரிசைகளில் வானிலை ரேடார்களும் ராணுவ ரேடார்களும் மூத்த குடிகள். உலகின் பல நாடுகள் வகுத்த விதிப்படி, அங்கே நுழையும் பெட்டி முதலில் ஒரு நிமிஷம் மௌனமாகக் கேட்டிருக்க வேண்டும்; ரேடாரின் துடிப்பு செவியில் பட்டால் பத்து விநாடிக்குள் இடத்தைக் காலி செய்து, அரை மணி நேரம் திரும்பி வரக் கூடாது. துறைமுகத்துக்கோ விமான நிலையத்துக்கோ அருகில் வசிப்பவரின் வைஃபை காரணமின்றிச் சில விநாடிகள் மறைந்து வருமானால், இதைச் சந்தேகிக்கலாம். 36-இலிருந்து 48 வரையோ 149-க்கு மேலோ மாற்றிக்கொண்டால் தொல்லை தீரும். பெட்டியின் அமைப்பில் நாட்டின் பெயரை இந்தியா என்றே வைக்க வேண்டுவதும் இதனால்தான். எந்த அலைவரிசை, எவ்வளவு சக்தி என்ற வரம்புகளைப் பெட்டி அந்தப் பெயரைக் கொண்டே அறிகிறது.

சக்தியைப் பற்றிய மயக்கம் இன்னும் ஆழமானது. அமைப்புப் பக்கத்தில் சக்தி என்ற இடத்தில் உச்சத்தைத் தேர்ந்தெடுக்காதவர்கள் அரிது. தடையற்ற வெளியில்கூட, சக்தியை இரண்டு மடங்காக்கினால் தூரம் இரண்டு மடங்காவதில்லை. ஒன்றரை மடங்குகூட ஆவதில்லை. அதுவும் ஒரு திசைக்குத்தான். பெட்டி நூறு மில்லிவாட்டில் அனுப்பலாம். பேட்டரியைப் பேணவேண்டிய கைப்பேசியோ பெரும்பாலும் அதைவிடக் குறைந்த சக்தியில்தான் பதில் அனுப்புகிறது. பெட்டி அனுப்பியது கைப்பேசிக்கு எட்டுகிறது. கைப்பேசி அனுப்பியது பெட்டிக்கு எட்டவில்லை. திரையில் சிக்னல் கோடுகள் நிறைந்து நிற்க, பக்கம் மட்டும் திறக்காமல் இருக்கும் விசித்திரத்துக்கு இதுவே பெரும்பாலும் காரணம். கல்லூரி விடுதி, மருத்துவமனை, அலுவலகம் முதலிய இடங்களில் பல பெட்டிகளை வைக்கும்போது அனுபவமுள்ள பொறியாளர்கள் முதலில் செய்வது, ஒவ்வொன்றின் சக்தியையும் குறைப்பதே. எந்தப் பெட்டியோடு ஒட்டிக்கொள்வது என்பதைக் கைப்பேசிதான் முடிவு செய்கிறது. நுழைவாயிலில் பிடித்துக்கொண்ட பெட்டியின் அலை மூன்றாம் மாடிவரை எட்டுமானால், தலைக்கு மேலேயே வேறொன்று இருந்தாலும் கைப்பேசி பழையதை விட மனமின்றித் தொங்கிக்கொண்டிருக்கும். விருந்தினருக்கு ஒன்று, ஊழியருக்கு ஒன்று என்று ஒரே பெட்டியில் ஆறு ஏழு பெயர்களை ஏற்றிவைக்கும் விடுதிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: ஒவ்வொரு பெயரும் விநாடிக்குச் சுமார் பத்து முறை தன்னைத்தானே அறிவித்துக்கொள்கிறது, அந்த அறிவிப்பும் வழக்கமாக மிக மெதுவான வேகத்திலேயே போவதால், யாரும் எதையும் பாராத வேளையிலும் காற்றில் ஒரு பகுதி செலவாகிக்கொண்டே இருக்கிறது.

இனி ஆன்டெனா. பெட்டியின் பின்னால் நிற்கும் கோல், நுனியிலிருந்து அலையைப் பீய்ச்சுகிறது என்று நினைத்து, அதைக் கைப்பேசி இருக்கும் அறையை நோக்கிச் சாய்த்துவைப்பவர்கள் பலர். உண்மை நேர்மாறானது. கோலைச் சுற்றி அலை பரவும் வடிவம், கோல் துளையின் வழியே செருகப்பட்ட ஓர் உளுந்து வடையைப் போன்றது: பக்கவாட்டில் தடித்தும், கோலின் நுனியும் அடியும் காட்டும் திசைகளில் ஒன்றுமே இல்லாமலும் இருக்கும். ஒரே தளமுள்ள வீட்டில் ஆன்டெனாக்களை நிமிர்த்தி வைத்தால் வடை தரைக்கு இணையாகப் படுத்துக்கொள்ளும். மாடியறைக்கும் அலை வேண்டுமென்றால், ஒன்றையாவது கிடையாகத் திருப்பிவிட வேண்டும். அதிக பலனுள்ளது என்று சொல்லி விற்கப்படும் நீண்ட ஆன்டெனா புதிதாகச் சக்தி எதையும் உண்டாக்குவதில்லை. அந்த வடையை அமுக்கி அகலமாக்குகிறது, அவ்வளவே. தூரத்து அறைக்கு லாபம், மேல்மாடிக்கு நஷ்டம். ஒரே பக்கமாகச் சக்தியைத் திரட்டும் ஆன்டெனாக்களும் இருக்கின்றன. 1926-இல் ஜப்பானின் செண்டாய் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் ஷிந்தாரோ உடாவும் ஹிதெத்சுகு யாகியும் வகுத்த, ஒரு தண்டில் பல குறுக்குக் கம்பிகள் கோத்த வடிவத்தைத் தமிழ்நாட்டுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. எண்பதுகளில் தூரதர்சனுக்காக மொட்டை மாடிதோறும் நின்றதும், தென்கோடி மாவட்டங்களில் இலங்கையின் ரூபவாஹினிக்காகக் கடல் பக்கம் திருப்பி வைக்கப்பட்டதும் அதுதான். நீண்ட தாழ்வாரத்துக்கும், இரு கட்டடங்களை இணைக்கவும் அதன் சிறிய வழித்தோன்றல்கள் இன்றும் பயன்படுகின்றன.

இரட்டை ஆன்டெனா இணைப்புள்ள அலுவலகப் பெட்டிகளில், இடது, வலது, இரண்டும் என்று ஓர் அமைப்பு காணப்படும். அறைக்குள் அலை நேராக மட்டும் வருவதில்லை. சுவரிலும் பீரோவிலும் பட்டுப் பிரதிபலித்துப் பல வழிகளில் வந்து சேர்கிறது. அப்படி வருபவை ஒரு புள்ளியில் ஒன்றையொன்று வலுப்படுத்தி, சில சென்டிமீட்டர் தள்ளி ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளமே சுமார் பன்னிரண்டு சென்டிமீட்டர்தான். இரண்டு ஆன்டெனா இருந்தால் ஒன்று பள்ளத்தில் சிக்கும்போது மற்றொன்று மேட்டில் நிற்கக்கூடும். பெட்டி நல்லதைத் தேர்ந்துகொள்ளும். ஒரே ஓர் ஆன்டெனாவைப் பொருத்திவிட்டு அமைப்பை 'இரண்டும்' என்று விட்டுவைத்தால், பெட்டி வெற்று முனையையும் அடிக்கடி நாடிப் போகும். இத்தகைய சிறு கவனக்குறைவால் கெட்ட நிறுவல்கள் ஏராளம். பிரதிபலிப்பைத் தொல்லையாகவே நெடுங்காலம் கருதிவந்த வானொலி விஞ்ஞானத்தில், அந்தப் பல வழிகளையே பல தனித்தனிச் செய்திகளை ஏககாலத்தில் அனுப்பும் பாதைகளாக்கலாம் என்று 1992-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தவர்களில் முதன்மையானவர், பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ். இந்தியக் கடற்படையில் சேர்ந்து, நீருக்கடியில் ஒலியால் துழாவும் சோனார் கருவியை நம் நாட்டிலேயே உருவாக்கிய பின், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தை அடைந்தவர் அவர். அங்கிருந்த பேராசிரியர் தாமஸ் கைலாத்தோடு சேர்ந்து அவர் சமர்ப்பித்த அந்தக் கருத்து 2009-இன் வைஃபை தரநிர்ணயத்தில் இடம்பெற்றது. 2014-இல் அவருக்கு மார்க்கோனி பரிசு கிடைத்தது. இன்றைய பெட்டியில் நாலும் ஆறுமாக ஆன்டெனாக்கள் நிற்பதன் தாத்பரியம் அந்தக் கருத்தே.

ஆன்டெனாவும் அலைவரிசையும் மனிதர்க்கு எவ்வளவு தூரம் உபகாரம் செய்யும் என்பதற்கு நம் தேனிப் பக்கமே ஒரு சான்று. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையினர் தங்கள் தேனிக் கிளையைச் சுற்றிய ஊர்களில் சிறு கண் பரிசோதனை நிலையங்களை அமைத்தபோது, அங்கு வரும் நோயாளியைத் தேனியிலிருக்கும் டாக்டர் திரையில் பார்த்துப் பேசும் வசதியை, பெர்க்லி பல்கலைக்கழகத்து எரிக் புரூவரின் குழு, நம் வீடுகளில் உள்ள அதே வைஃபை அலைகளைக் கொண்டே செய்துகொடுத்தது. கோபுரங்களின் மேல் கம்பி வலையால் ஆன பரவளைய ஆன்டெனாக்களை ஒன்றையொன்று நேர் நோக்கி நிறுத்தியதால், சிறு சக்தியே பத்துப் பதினைந்து கிலோமீட்டரை எட்டியது. கண்ணுக்கு நேராகத் தெரிந்தால் மட்டும் போதாது; பதினைந்து கிலோமீட்டர் இணைப்பில், நடுவழியில், நேர்கோட்டைச் சுற்றிப் பன்னிரண்டு பதின்மூன்று மீட்டர் அளவுக்காவது வெற்றிடம் வேண்டும்; கோட்டைத் தொடாத தென்னை மரமும் அலையைத் தின்றுவிடும்.

அதைவிட நுட்பமான சங்கடம் காலத்தில் இருந்தது. அனுப்பிய ஒவ்வொரு பொட்டலத்துக்கும் கிடைத்தது என்ற பதில் வராவிட்டால் வைஃபை மறுபடி அனுப்புகிறது. வீட்டுக்குள் அந்தப் பதில் உடனே வந்துவிடும். பதினைந்து கிலோமீட்டரில் அலை போய்த் திரும்பவே நூறு மைக்ரோவிநாடி ஆகிறது. பதில் வழியில் இருக்கும்போதே, அது தொலைந்துவிட்டதென்று தீர்மானித்துக் கருவி மறுபடி அனுப்பத் தொடங்கிவிடுகிறது. கேட்டுவிட்டு அனுப்பும் நியதியும் அங்கே பொய்த்துப்போகிறது. எதிர்முனை அனுப்பத் தொடங்கியது இந்த முனைக்குத் தெரிவதற்குள் இதுவும் அனுப்பிவிடும். ஆகவே பெர்க்லி குழுவினர் அந்த நியதியையே விலக்கி, இரு முனைகளுக்கும் நேரத்தைப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். பதில்களையும் ஒவ்வொன்றாக எதிர்பாராமல் மொத்தமாக வாங்கிக்கொள்ளச் செய்தார்கள். ஒரே கோபுரத்திலுள்ள ஆன்டெனாக்களில் ஒன்று அனுப்பும்போது அருகிலுள்ளது வாங்கினால் அதன் செவி அடைபட்டுவிடும் என்பதால், எல்லாம் சேர்ந்து அனுப்பி, எல்லாம் சேர்ந்து வாங்கும்படி அமைத்தார்கள். 2007-இல் வெனிசுவேலாவின் இரண்டு மலைச் சிகரங்களுக்கிடையே 382 கிலோமீட்டர் தூரத்துக்கு வைஃபை இணைப்பு நடத்திக் காட்டப்பட்ட பரிசோதனையிலும் அவர்களுடைய இந்த முறை பயன்பட்டது.

ஆனால் அந்தக் குழுவினர் 2008-இல் தங்கள் கிராமத்து அனுபவங்களை எழுதியபோது, தூரத்தையும் மரங்களையும்விட அதிகமாகக் குறைபட்டுக்கொண்டது மின்சாரத்தைப் பற்றித்தான். திடீரென்று எகிறியும் சரிந்தும் வந்த மின்னழுத்தத்தால் கருவிகள் எரிந்தன, நினைவகங்கள் கெட்டன. வலையமைப்பு நின்றுபோன வேளைகளில் ஆன்டெனாவைக் குற்றம் சொல்ல இடமே இல்லாத சந்தர்ப்பங்கள் பல. வீட்டுக்கும் இது பொருந்தும்: அலைவரிசையை ஆறுக்கு மாற்றி, அகலத்தை இருபதாக்கி, சக்தியைக் குறைத்து, ஆன்டெனாக்களை நிமிர்த்திய பிறகும் ஒரு வீட்டுப் பெட்டி அடிக்கடி தானாகவே அணைந்து எழுமானால், அதன் அடாப்டரை மாற்றிப் பார்ப்பது நல்லது.